முழங்கால் தண்ணீர்

எங்கள் பக்கத்தில் வாவியை யாரும் வாவி என்று சொல்வதில்லை. அது பாடப்புத்தகத்திலும் சுற்றுலாப் பெயர்ப்பலகையிலும் இருக்கிற சொல். எங்களுக்கு அது ஆறு. ஆற்றுக்குப் போகிறோம், ஆற்று மீன் வாங்குகிறோம், ஆற்றுக்கு அங்கால் பெண் எடுக்கிறோம். ஆறு என்றால் ஓடும் என்று பாடசாலையில் படித்தேன், பரீட்சையிலும் எழுதினேன். ஆனாலும் செட்டிபாளையத்தில் பிறந்த ஒருத்திக்கு அந்தச் சொல் காதில் விழுந்தவுடன் கண்ணில் வருவது அசையாத தண்ணீர்தான். மாரியில் ஏறும், கோடையில் இறங்கும், காற்றடித்தால் சுருங்கும். எங்கும் போகாது. கோடையில் வெகுதூரம் நடந்தே போய் இறால் பிடித்து வரலாம்.

என் மகனை வெளிநாட்டுக்கு அனுப்பியவனுக்கு இது நன்றாகத் தெரியும். அவனும் இந்தக் கரையில் பிறந்தவன். தெரிந்துகொண்டுதான் அந்தச் சொல்லை எடுத்தான். அவனுடைய பெயரை எங்கும் எழுதவேண்டாம் என்று கணவர் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. இந்தப் பக்கத்தில் அவனுக்கு இப்போது வேறொரு பெயர் இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன்.

நான் ஒரு சிறிய பொது நூலகத்தில் வேலை செய்கிறேன். கணவர் கட்டாரில். எங்களுக்கு ஒரே மகன். எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு, படித்து முடித்த பிள்ளைகள் கூடுகிற இடமெல்லாம் போவதைப் பற்றிய பேச்சுத்தான். மகனும் அவனுடைய கூட்டாளியும் அதையே பேசினார்கள். கூட்டாளியின் வீடு எங்கள் வளவுக்குப் பின்னால். ஒரே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒருவன் சாப்பிட்டானா என்று மற்றவனிடம் கேட்டால் போதும், பதில் கிடைக்கும்.

ஆட்களை அனுப்புகிறவன் எங்கள் வீட்டுக்கு வந்த நாள் வெள்ளைச் சேட்டு போட்டிருந்தான். என்னைவிட வயதில் குறைந்தவன். வாய்க்கு வாய் அக்கா. முன்பு வேலையில்லாமல் இருந்த காலத்தில் நூலகத்தில் வந்து பத்திரிகை வாசித்துக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே இருந்தவன்தான். பிறகு ஆட்களை அனுப்பத் தொடங்கினான். சிலர் போய்ச் சேர்ந்தார்கள் என்பதும் உண்மை. அவர்களின் வீடுகளுக்கு மேல்மாடி வந்ததை எல்லோரும் பார்த்தோம்.

தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னான். "ஒரு நாட்டுல ப்ளைட்ல போய் இறங்குறது அக்கா. அதுக்கு விசா இரிக்கு. அங்கயிருந்து மற்ற நாட்டுக்கு வாகனம். நடுவில ஒரு ஆறு இரிக்கு. அவ்வளவுதான்."

"ஆறா?" என்றேன்.

"ஓம் அக்கா. ரெண்டு நாட்டுக்கும் அதுதான் எல்லை. சின்ன ஆறு. முழங்கால் தண்ணி. நம்மட ஆத்தில கால்வாசி அகலமும் வராது."

கூட்டாளிப் பையன் கதிரையில் இருந்து சிரித்தான். "அப்ப பாதையும் தேவல்ல." ஆற்றைக் கடக்கிற மிதவைப் படகுக்கு எங்கள் ஊரில் பாதை என்றுதான் பெயர்.

"பாதையா? நீங்க ரெண்டு பேரும் சாரத்த மடிச்சுக் கட்டிட்டு நடந்து போயிருவீங்கடா."

எனக்கு மனம் ஒப்பவில்லை. குளிர் எப்படி, ஆட்கள் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் அவன் அந்த இடத்தைத் தொட்டான்.

"என்னக்கா நீங்க. ரெண்டு கரையிலயும் துவக்கோட நிக்கக்குள்ள ஆத்தக் கடந்து போய் நெல்லுக் கொண்டந்த ஆக்கள் நீங்க. உங்கட மகனுக்கு ஒரு ஆத்தக் கடக்க ஒண்ணாதா?"

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சூரியன் எழுகிற பக்கம் கடலோடு ஒட்டிய எங்கள் கரை, எழுவான்கரை. சூரியன் படுகிற பக்கம் வயல் நாடு, படுவான்கரை. யுத்த காலத்தில் இந்தக் கரை ஒருவரிடம், அந்தக் கரை வேறொருவரிடம். இந்தப் பக்கம் ஒரு சோதனை, அந்தப் பக்கம் இன்னொரு சோதனை. இங்கே செல்லுபடியாகிற பதில் அங்கே செல்லாது. பட்டரி கொண்டுபோக முடியாது, அதிகமாகச் சவர்க்காரம் கொண்டுபோனாலும் கேள்வி வரும். எனக்குச் சொந்தக்காரர்கள் படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்தார்கள். அறுவடைக்குப் போய் எங்கள் பங்கு நெல்லை எடுத்துக்கொண்டு வருவோம். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய் வருவது போலத்தான். அந்த நாட்களில் கரைகளில்தான் பயம். பாதை நடு ஆற்றுக்கு வந்ததும் பெண்களெல்லாம் பேசத் தொடங்குவோம், வெற்றிலைப் பை திறக்கும், யாராவது பகிடி விடுவார்கள். யாருக்கும் சொந்தமில்லாத அந்தத் தண்ணீரில்தான் மூச்சு விட்டோம்.

அவன் அதைத்தான் எடுத்து என் கையில் தந்தான். எல்லையாக இருக்கிற ஆற்றுக்கு நான் பயப்படமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். நான் பயப்படவில்லை. பிள்ளைகள் போனார்கள்.

அந்த இரண்டு நாடுகளின் பெயரை வீட்டில் சொல்லக்கூடாது என்று மகன் கேட்டிருக்கிறான். ஆகவே இங்கேயும் சொல்லவில்லை. அங்கே நடந்ததை அவன் ஒரே தடவையில் சொன்னதும் இல்லை. சோறு தின்னும்போது ஒரு துண்டு, சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கும்போது ஒரு துண்டு. நான்தான் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

விடிகிற நேரம், பனிமூட்டம். கூட்டத்தில் வேறு வேறு நாட்டு ஆட்கள். ஆற்றைக் கண்டதும் அவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள். சிலர் காட்டுக்குள் போய் நீளத் தடிகள் முறித்துக்கொண்டு வந்தார்கள். சிலர் கையோடு கை கோத்தார்கள். மலையிலிருந்து வருகிற ஆறுகளைப் பார்த்து வளர்ந்தவர்களாக இருக்கவேண்டும். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அவர்களைப் பார்க்கச் சிரிப்பாக இருந்ததாம். இவ்வளவு ஒடுங்கிய தண்ணீருக்கா இவ்வளவு ஆயத்தம்? மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி அமைதி.

"எங்கட ஆறு மாதிரியே கிடக்கு மச்சான்" என்று கூட்டாளி சொன்னான். அவன்தான் முதலில் இறங்கினான்.

எங்கள் ஊரில் ஆற்றில் எப்படி நடப்பது என்று பிள்ளைகளுக்கு யாரும் தனியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. அடியில் திருக்கை படுத்திருக்கும், மிதித்தால் முள் ஏறிவிடும். அதனால் காலைத் தூக்கி வைக்காமல் சேற்றில் தேய்த்துத் தேய்த்து நடப்போம். கையில் சாமான் இருந்தால் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வோம். அந்தப் பிள்ளையும் அப்படித்தான் இறங்கினான். பையைத் தலையில் வைத்து, இரண்டு கையையும் மேலே கொடுத்து, காலைத் தேய்த்துத் தேய்த்து. முழங்கால். பிறகு தொடை. அடியில் சேறு இல்லை, உருண்டைக் கற்கள். தண்ணீர் அவனுடைய காலை எடுத்துக்கொண்டது. விழுந்த பிறகும் பையை விடவில்லை என்று மகன் சொன்னான். விடவேண்டும் என்று தெரியவில்லை. எங்கள் ஆற்றில் விழுந்தால் எழும்பி நிற்பதுதான், சிரிப்பதுதான்.

அவனுக்குப் பிறகு இறங்கிய மகனுக்கு இடுப்பளவு தண்ணீர். பின்னால் நின்றவர்கள் தடியை நீட்டி இழுத்தார்கள். அக்கரையில் சீருடை போட்ட ஆட்கள் நின்றார்களாம். நின்று பார்த்தார்களாம். அவன் இதைச் சொன்னபோது நான் சரியாகக் கவனிக்கவில்லை. எனக்கு அவன் உயிரோடு கதைப்பது மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

பையனின் உடல் கீழே, ஆற்றுக்கு நடுவில் சாய்ந்து கிடந்த மரமொன்றில் தங்கியிருந்தது. இரண்டு நாட்டின் எல்லைக்கோடு ஆற்றின் நடுவால் போகிறது. மரம் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று இரண்டு கரையும் பேசி முடிக்கும்வரை பிள்ளை தண்ணீரிலேயே கிடந்தான். வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நூலகத்தில் உலகப்பட அட்லசை எடுத்து அந்த இடத்தைத் தேடினேன். நீலக்கோடு ஒன்று, அதற்கு மேலேயே எல்லையின் புள்ளிக்கோடு. மெல்லிய கோடு. பென்சிலைத் தீட்டி வைத்தால் மறைந்துவிடும்.

கடைசியில் அங்கேயே அடக்கம் செய்தார்கள். படம் அனுப்பினார்கள். அவனுடைய தாய் அந்தப் படத்தை இன்றுவரை முழுதாகப் பார்க்கவில்லை, ஒரு மூலையைப் பார்ப்பாள், திருப்பி வைத்துவிடுவாள்.

மகனைத் திருப்பி அனுப்பினார்கள். வந்தவன் வேறு ஆள். குழாயடியில் குளிக்கும்போதும் கண்ணை மூடமாட்டான். ஆற்று மீன் தொடமாட்டான். வீட்டுக்குப் பின்னால் நின்றால் ஆறு தெரியும் என்று முன்பக்கமாகவே போய் வருவான். ஒரு போன் திருத்துகிற கடையில் வேலை. குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிறான் என்று கடைக்காரர் பாராட்டுகிறார்.

அனுப்பியவன் துக்கம் விசாரிக்க வந்தான். அதே வெள்ளைச் சேட்டு. கூட்டாளியின் வீட்டில் தாயின் காலடியில் இருந்து அழுதான், நன்றாகவே அழுதான். வெளியே வரும்போது வேலியடியில் மறித்தேன்.

"முழங்கால் எண்டு சொன்னீங்க."

"அக்கா, நான் சொன்னது அவங்கட கோடைக் காலத்துக்கு. இவங்க போன நேரம் பனி உருகுற நேரமாம். அதுக்கு நான் என்ன செய்ய அக்கா? ஆண்டவர்ர சித்தம்."

பொலிஸுக்குப் போனேன். அவன் விசாவோடு அனுப்பியது முதல் நாட்டுக்கு, அதற்கு அப்பால் பிள்ளைகள் தாங்களாகவே போனார்கள் என்று முடிந்தது. கணவரிடம் சொன்னேன். "விடு, பிள்ள திரும்பி வந்திட்டான்தானே" என்றார். போதகர் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை செபத்தில் மன்னிக்கிற இடம் வரும்போது நானும் கூட்டாளியின் தாயும் வாயை மூடிக்கொள்வோம். ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. ஆனால் பக்கத்தில் சத்தம் நிற்பது இருவருக்கும் கேட்கும்.

நான் நினைத்தவற்றையெல்லாம் எழுத முடியாது. அவனுடைய மோட்டார் சைக்கிள் வீட்டு வாசலால் போகும்போதெல்லாம் தெருவில் ஒரு மாடு குறுக்கே வரட்டும் என்று நினைத்தேன். அவனுடைய சின்ன மகளுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் மறித்து வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்ன நாளில் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது. பிள்ளை சுகமாகி வந்தபோது ஏமாற்றமாகவும் இருந்தது. நான் அப்படியான ஒருத்தியாக அதற்கு முன் இருந்ததில்லை. அவன்தான் என்னை அப்படி ஆக்கினான். அதையும் அவனுடைய கணக்கிலேயே எழுதிக்கொண்டேன்.

பிறகு மாரி வந்தது. விடாத மழை. ஆறு ஏறிக்கொண்டே போனது. எங்கள் ஆறு கடலைச் சேருகிற வாயை வருடத்தில் பெரும்பகுதி மணல் அடைத்து வைத்திருக்கும். மழை மிஞ்சினால் படுவான்கரையில் வயல் மூழ்கும். உடனே வெள்ளாமைக்காரர் வாயை வெட்டச் சொல்லி நிற்பார்கள். எங்கள் கரை மீன்காரர் இப்போதே வெட்டினால் இறாலெல்லாம் கடலுக்குப் போய்விடும், பொறுங்கள் என்பார்கள். ஒவ்வொரு மாரியிலும் இரண்டு கரையும் இதற்குச் சண்டை பிடிக்கும். இந்த முறை வெள்ளாமைக்காரர் வென்றார்கள். கல்லாற்றுப் பக்கத்து வாயை வெட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது.

நூலக முற்றத்திலும் தண்ணீர், அன்று திறக்கவில்லை. வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் முன் வீட்டுப் பெண் ஒரு சொல் சொன்னாள். அவனும் அங்கே போகிறானாம். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மனிசி ஒருத்தியின் மகனை அனுப்பப் போகிறானாம், அவளும் வாய் வெட்டுவதைப் பார்க்க வருகிறாளாம். நான் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவளிடம் பேசுவதுதான் எண்ணம். அவனுடைய முகத்துக்கு முன்னாலேயே பேசவேண்டும், அவன் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டும்.

மணல் திட்டில் திருவிழா போலச் சனம். படுவான்கரை ஆட்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் வந்து இறங்கியிருந்தார்கள். பெக்கோ இயந்திரம் மணலை அள்ளி இரண்டு பக்கமும் கொட்டிக்கொண்டிருந்தது. வாய் அப்போதுதான் திறந்திருந்தது. ஆற்றுத் தண்ணீர் மெல்லிய கால்வாயாக, பிள்ளைகள் விளையாடக்கூடிய அளவில், கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வேலையாட்களுக்குப் பாதுகாப்பாக ஒரு நீளக் கயிறு. ஒரு முனை உழவு இயந்திரத்தில் கட்டி, மிச்சம் சுருளாக மணலில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் நின்றால் நன்றாகத் தெரியும் என்று அங்கேதான் நின்றேன்.

அவன் பெக்கோ சாரதிக்குச் சோடாப் போத்தல் நீட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் முகம் ஒரு கணம் மாறியது. உடனே சிரித்தான். பக்கத்தில் ஒரு மனிசி, சேலையைத் தூக்கிச் செருகி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. வெயிலில் கறுத்த முகம்.

"இவர்தான் உங்கட மகன அனுப்புறவரா தங்கச்சி?" என்று அவளிடம் கேட்டேன்.

"ஓம் கா. தை மாசத்தில. வட்டையில எங்களுக்குக் கிடக்கிற காணிய வித்துப்போட்டுத்தான். அதுவும் இப்ப தண்ணிக்குள்ள கிடக்கு, ஆர் வாங்குவாங்களோ தெரியா."

"அக்கா," என்றான் அவன், "இது அதுக்கான இடமில்ல."

"நடுவில ஒரு ஆறு இரிக்கெண்டு சொன்னவரா?"

அவள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "சொன்னவர்தான். சின்ன ஆறாம். முழங்கால் தண்ணியாம்."

அதே சொல். ஒரு பிள்ளையை மண்ணில் போட்ட பிறகும் அவன் அந்தச் சொல்லை மாற்றவில்லை. மாற்றத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறான். கைநிறைய இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தச் சொல்லும் நன்றாக வேலை செய்கிறது. எனக்குச் சத்தமாகச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

"தம்பி," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படியாக. "இந்தா, ஆறு ஓடுது. இதுவும் முழங்கால்தான். இறங்கிக் கடந்து காட்டுங்க. இந்தத் தங்கச்சிக்கும் மனசு ஆறும்."

"என்ன அக்கா, சின்னப்பிள்ள மாதிரி."

"பயமா?"

மீன்காரர்களுக்கு இது போதுமாக இருந்தது. வாயை வெட்டிய கோபத்தில் நின்றவர்கள். "இறங்குங்க முதலாளி!" என்று ஒருவர் கத்தினார். "கோழிக்குஞ்சு நடந்து போகுது, பாருங்க." இன்னொருவர், "அவர்ர காற்சட்ட நனைஞ்சா ஆர் தோய்க்கிற? விடுங்கடா" என்றார். படுவான்கரைப் பெண்களும் சிரித்தார்கள். அந்த மனிசி சிரிக்கவில்லை. அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் இறங்காவிட்டால் என்ன நினைப்பாள் என்பது அவனுக்கு விளங்கியிருக்கவேண்டும்.

சப்பாத்தைக் கழற்றினான். காற்சட்டையை மடித்துவிட்டான். போனை எடுத்துத் தன் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

"பாருங்க அக்கா, முழங்கால்தானே?" என்று நடுவில் நின்று திரும்பிச் சொன்னான். உண்மையிலும் முழங்கால்தான்.

வெட்டிய வாய் எப்படி நடந்துகொள்ளும் என்பது கரையோரத்தில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் தானே தன் வழியை அகட்டிக்கொள்ளும். முதலில் அடி மணல் போகும், பிறகு கரை பொத்துப் பொத்தென்று இடியும். நின்று பார்க்கும்போதே வாய்க்கால் ஆறாகிவிடும். எங்கள் ஆறு வருடத்தில் அந்தச் சில நாட்கள் மட்டும்தான் மற்ற ஊர் ஆறுகளைப் போல ஓடும். எனக்கும் அது தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கவேண்டும். ஆனால் அவன் சிரித்தபடி நின்று படம் எடுத்தான்.

"கர இடியுது! வெளியில வாங்க, வெளியில வாங்க!"

பெரிய மணல் துண்டு ஒன்று அவனுக்குப் பின்னால் சரிந்தது. தண்ணீர் தொடைக்கு ஏறியது. அவன் காலைத் தூக்கி வைக்கவில்லை. தேய்த்தான். எங்கள் ஊர்க்காரன்தானே. கை இரண்டையும் மேலே தூக்கினான், போன் நனையாமல். நான் பார்க்காத ஒன்றைத் திரும்பப் பார்ப்பது போல இருந்தது. அடுத்த கணம் அவன் விழுந்தான். ஆறு அவனைக் கடலை நோக்கி இழுத்தது.

அவன் கத்தியது என்னைப் பார்த்து. "அக்கா! அக்கா!"

"மிஸ்! கயித்த எடுத்து எறிங்க மிஸ்!" அக்கரையிலிருந்து ஒருவர் கத்தினார். கயிறு என் காலடியில் கிடந்தது. என்னைவிடக் கிட்ட யாரும் இல்லை.

நான் குனியவில்லை.

கை கால் மரத்துப்போனது என்று சொன்னால் வாசிக்கிறவர்கள் நம்புவார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. கயிற்றின் முறுக்கில் மணல் ஒட்டியிருந்ததுகூட எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவனுடைய தலை ஒருமுறை உள்ளே போய் வந்தது. இன்னொரு முறை போகட்டும் என்று நினைத்தேன்.

என்னைத் தள்ளிக்கொண்டு ஒரு கை கயிற்றை அள்ளியது. அந்த மனிசிதான். செருப்பை எறிந்துவிட்டு, வயலில் கதிர்க்கட்டு எறிகிற கையால் வீசினாள். முதல் வீச்சிலேயே அவனுடைய தோளில் விழுந்தது. பிடித்துக்கொண்டான். ஆட்கள் ஓடிவந்து இழுத்தார்கள். வெள்ளைச் சேட்டு தலைக்கு மேலே ஏறி, வயிறெல்லாம் மணல் உரஞ்சி, கரையில் கிடந்து குடித்த தண்ணீரையெல்லாம் சத்தி எடுத்தான். போன் போய்விட்டது.

அவள் கயிற்றை மறுபடி சுருட்டி வைத்தாள். பிறகு அவனுக்கு முன்னால் குந்தி, சின்னப் பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டாள். "இதுதானா உங்கட முழங்கால்?"

அவன் வாயிலிருந்த மணலைத் துப்பினான்.

"காணி விக்கல்ல. என்ட புள்ள இஞ்சயே கிடக்கட்டும்." எழும்பினாள். என்னைக் கடந்து போகும்போது நின்றாள். "கயிறு உங்கட காலடியிலதான் கா கிடந்திச்சு" என்றாள்.

"ஓம்" என்றேன்.

வேறு ஒன்றும் கேட்காமல் தன் செருப்பைத் தேடிப் போனாள்.

பஸ்ஸில் வரும்போது நான் நன்றாக இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. அந்தப் பிள்ளை போன நாளுக்குப் பிறகு முதல் தடவையாக மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. சேலைக் கரையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டக்கூட மனம் வரவில்லை. கூட்டாளியின் தாய்க்கு எப்படிச் சொல்வது, எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் மகன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். கையில் போன். அங்கே நின்ற யாரோ எடுத்த வீடியோ அதற்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. போன் கடையில் வேலை செய்கிறவனுக்கு முதலில் வராமல் யாருக்கு வரும்? ஓடுகிற தண்ணீரை அவன் பார்த்திருக்கிறான், கத்துவதைக் கேட்டிருக்கிறான். அதன் ஓரத்தில் குடையோடு நிற்கிற என்னையும் பார்த்திருக்கிறான்.

"கயிறு கிட்டத்தான் அம்மா கிடந்தது" என்றான்.

"அவனுக்கு நடந்தது காணாது மனே, இன்னும் வேணும்" என்றேன். "உன்ட கூட்டாளிய நினைச்சுப் பாரு."

"அவனத்தான் நினைச்சன்." போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான். "அண்டைக்கு அங்கால் கரையில நிண்ட ஆக்களும் இப்பிடித்தான் நிண்டவங்க. கைய ஆட்டாம."

சொல்லிவிட்டு உள்ளே போனான். அன்று சாப்பிடக் கூப்பிட்டேன், வந்தான், சாப்பிட்டான். கோபம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் அவன் சொன்ன அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு திரிகிறேன். அந்த ஆட்கள் யாரென்றே தெரியாத ஒரு பையனைப் பார்த்து நின்றார்கள், நான் நின்றது எனக்குத் தெரிந்த ஒருவனைப் பார்த்து, காரணத்தோடு. இதை மகனிடம் சொல்லவேண்டும் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். அவனுடைய முதுகைப் பார்த்ததும் நிறுத்திவிடுவேன்.

ஆனால் ஊர் நின்று யோசிக்கவில்லை. அந்தக் கிழமைக்குள்ளேயே பிள்ளைகளை அனுப்பியவனுக்குப் பெயர் விழுந்துவிட்டது. முழங்கால். மீன்காரர்தான் தொடங்கியிருக்கவேண்டும். பிறகு தேற்றாத்தீவுச் சந்தியில், பஸ்ஸில், சலூனில். "முழங்கால் போறான் பாரு." "முழங்காலிட்டக் கேட்டுப் பாரன், அனுப்பிவிடுவான்." எங்கள் பக்கத்தில் ஒருவனுக்குப் பட்டம் விழுந்தால் அது அவனோடு போவதில்லை. வீட்டுக்கு விழும், பிள்ளைகளுக்கு விழும், கல்யாணம் பேசும்போது அடையாளம் சொல்ல உதவும். அவனுடைய சின்ன மகளைப் பாடசாலையில் முழங்காலின் மகள் என்கிறார்களாம். அதைக் கேட்டபோது நெஞ்சில் ஒரு முள் குத்தியது. குத்தட்டும் என்று விட்டுவிட்டேன். பிடுங்கப் போகவில்லை.

அவனிடம் இப்போது ஆட்கள் போவது குறைவு. வெள்ளைச் சேட்டு போடுவதில்லை. எங்கள் தெருவைத் தவிர்த்துக் கடற்கரை வழியாகச் சுற்றிப் போகிறான். எதிரே அகப்பட்டால் நான் விடுவதில்லை. "என்ன தம்பி, ஆறு எப்பிடி?" என்று கேட்பேன். அக்கா என்று சொல்ல அவனுக்கு வாய் வருவதில்லை.

வாய் மறுபடி மணலால் அடைத்துக்கொண்டது. ஆறு பழையபடி அசையாமல் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்த பிறகு கூட்டாளியின் தாய் கோயில் வளவின் மூலையில் என்னை நிறுத்திக்கொள்வாள். மெலிந்து போயிருக்கிறாள். மற்ற நாட்களில் அதிகம் பேசுவதில்லை.

"அதச் சொல்லுகா" என்பாள்.

சொல்வேன். சோடாப் போத்தலிலிருந்து தொடங்கி, மீன்காரர் பகிடி, காற்சட்டை மடிப்பு, போன் என்று ஒன்றும் விடாமல். கரை இடிகிற இடத்தில் அவளுடைய விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கும்.

"கயிறு கிடந்த இடத்தச் சொல்லு."

அந்த இடம் வரும்போது மட்டும், மகன் கிட்டத்தில் எங்காவது நிற்கிறானா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். இல்லையென்றால் சொல்வேன்.